காற்று ஓய்ந்த மாதங்களில் விங் ஃபாயிலிங் வீரர்கள் தரையில் என்ன செய்கிறார்கள்? 'ஆஃப் சீசன்' பயிற்சி ஏன் முக்கியம்?

2024 ஆகஸ்ட். பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் பந்தயங்கள் பிரான்ஸின் மார்செய் கடலில் நடந்துகொண்டிருந்தன. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் பறக்கும் 'ஃபார்முலா கைட்' அந்த ஒலிம்பிக்கில்தான் அறிமுகமானது. உலகின் தலைசிறந்த வீரர்கள், லட்சக்கணக்கில் மதிப்புள்ள கருவிகள், நேரலைக் கேமராக்கள்... எல்லாம் தயார். காற்று மட்டும் வரவில்லை. பந்தயங்கள் தள்ளிப்போயின. வீரர்கள் கரையில் காத்திருந்தார்கள்.

காற்றை நம்பி ஆடும் விளையாட்டுகளின் தலையெழுத்தே இதுதான். ஒலிம்பிக்கில் காத்திருப்பு சில மணி நேரம், அதிகம் போனால் ஒரு நாள். ராமேஸ்வரம் பக்கத்திலோ இலங்கையின் கற்பிட்டியிலோ பயிற்சி எடுக்கிற ஒருவருக்கு அது இரண்டு மாதம். வடக்கு ஐரோப்பாவில் நான்கைந்து மாதம்கூட ஆகலாம்.

அந்த மாதங்களில் தரையில் என்ன செய்கிறோம் என்பதுதான் அடுத்த சீசனைத் தீர்மானிக்கிறது என்கிறது விளையாட்டு அறிவியல். அதேசமயம், 'தரையிலேயே பாதி கத்துக்கலாம்' என்று சமூக ஊடகங்களில் சுற்றும் வீடியோக்களை அப்படியே நம்பவும் முடியாது. எது உதவும், எது உதவாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், விங் ஃபாயிலிங் என்றால் என்ன?

கையில் காற்றடைத்த ஓர் இறக்கை. காலடியில் ஒரு பலகை. பலகைக்கு அடியில், தண்ணீருக்குள் மூழ்கியபடி விமானத்தின் சிறு வடிவம் போன்ற ஓர் அமைப்பு. இந்த மூன்றும்தான் விங் ஃபாயிலிங்.

காற்று வீச்சையும் ஆளின் எடையையும் பொறுத்து இறக்கை சுமார் 3 முதல் 6 சதுர மீட்டர் வரை இருக்கும். விண்ட்சர்ஃபிங் மாதிரி பலகையோடு இணைந்த கம்பமோ, கைட்சர்ஃபிங் மாதிரி நீளமான கயிறுகளோ இதில் கிடையாது. இறக்கையைக் கைகளால் நேரடியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தவறி விழுந்தாலும் ஓடிப்போகாதபடி மணிக்கட்டிலோ இடுப்பிலோ ஒரு வார் கட்டப்பட்டிருக்கும்.

இந்தக் கருவிகள் 2019 வாக்கில்தான் பெரிய நிறுவனங்கள் வழியாகச் சந்தைக்கு வந்தன. அதாவது, உலகம் முழுக்கவே இது புது விளையாட்டு. இன்னும் ஒலிம்பிக்கில் இல்லை. ஆனால் இதன் உறவுக்கார விளையாட்டுகளான ஃபார்முலா கைட், ஐக்யூ ஃபாயில் விண்ட்சர்ஃபிங் இரண்டும் 2024-ல் ஒலிம்பிக்குக்குள் வந்துவிட்டன. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் பட்டியலிலும் இருக்கின்றன.

தண்ணீருக்கு மேலே பலகை எப்படிப் பறக்கிறது?

தண்ணீரின் அடர்த்தி காற்றைப் போல 800 மடங்குக்கும் மேல். அதனால், ஒரு ஆளைக் காற்றில் தூக்க மிகப் பெரிய இறக்கை தேவைப்பட்டாலும், தண்ணீருக்குள் ஒரு சிறிய இறக்கையே போதும். புதிதாகப் பழகுகிறவர்கள் பயன்படுத்தும் ஃபாயிலின் முன் இறக்கை சுமார் 1,500 முதல் 2,000 சதுர சென்டிமீட்டர்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. தூக்குவிசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்கு. அதனால்தான் பலகை மெதுவாகப் போகும்போது ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் சட்டென்று மேலே எழும். எழுந்த பிறகு அலையின் உரசல் இல்லை, சத்தமும் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எழுந்த அந்த நொடியில் ஆள் நிற்பது தண்ணீர் மீது அல்ல. 75 முதல் 90 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு தண்டின் உச்சியில். எடை ஒரு அங்குலம் முன்னே சாய்ந்தால் மூக்கு குத்தும், பின்னே சாய்ந்தால் ஃபாயில் தண்ணீரை விட்டு வெளியே வந்து மொத்தமும் சரியும். தரைப் பயிற்சி எதற்கு என்ற கேள்விக்கான பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நம்ம ஊரில் 'ஆஃப் சீசன்' எப்போது?

ஐரோப்பாவில் பிரச்சினை குளிர். பால்டிக் கடலில் குளிர்காலத் தண்ணீர் உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும். 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழான தண்ணீரில் திடீரென்று விழுந்தாலே மூச்சு தாறுமாறாகும். இத்தாலியின் கார்டா ஏரியில் காலையில் வடக்கிலிருந்தும் மதியம் தெற்கிலிருந்தும் கடிகாரம் மாதிரி காற்று வீசும். ஆனாலும் அங்கே ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் கூட்டம்.

நமக்குக் குளிர் பிரச்சினையே இல்லை. திசை மாறும் காற்றுதான் பிரச்சினை. வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் வைத்த மொழி இது. கடலோரத்தில் இன்றும் வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றின் பேரைச் சொல்லித்தான் தொழில் பேச்சே நடக்கிறது.

ராமநாதபுரம் கடலோரத்தில் தென்மேற்குக் காற்றுக் காலம் ஒன்று, வடகிழக்குக் காற்றுக் காலம் ஒன்று என்று இரண்டு சீசன். இரண்டுக்கும் நடுவே காற்று நிலைமாறும் மாதங்கள் வருகின்றன. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை ஓர் ஓய்வு; அக்டோபர், நவம்பரில் இன்னொன்று. இரண்டாவது ஓய்வு பெயருக்குத்தான் ஓய்வு. வங்கக் கடலில் புயல் உருவாகும் பருவம் அது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை மறக்காத கடற்கரையில், 'நல்லா காத்தடிக்குதே' என்று பலகையோடு இறங்க முடியாது.

மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் கற்பிட்டியிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை பெரிய சீசன், டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை சின்ன சீசன்.

கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவருக்கு 12 முதல் 15 நாட்டிக்கல் மைல் வேகக் காற்று வேண்டும். மணிக்கு 22 முதல் 28 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். தேர்ந்தவர்கள் 8 நாட்டிக்கல் மைலிலேயே, அதாவது மணிக்கு 15 கிலோமீட்டரிலேயே எழுந்துவிடுவார்கள். ஆக, ஒரே கடற்கரையில் ஒருவருக்கு சீசன், இன்னொருவருக்கு ஆஃப் சீசன். இரண்டு பேருக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தில் கணிசமான பகுதி கால்களின் வலிமை. அதைத் தரையில் சம்பாதிக்கலாம்.

உடம்பில் எங்கெங்கே சுமை விழுகிறது?

பார்க்க லேசாகத் தெரியும். 'காத்து இழுக்குது, ஆள் நிக்கிறார், அவ்ளோதானே?' என்று தோன்றும். நிஜத்தில் நான்கு இடங்களில் சுமை விழுகிறது.

* கால்கள்: காற்று குறைந்த நேரத்தில் பலகையை எழுப்பவும் எழுந்ததைத் தக்கவைக்கவும் கால்களால் அழுத்தி விட வேண்டும். இதற்குப் பெயர் 'பம்பிங்'. ஓரிரு நிமிடம் தொடர்ந்து செய்தாலே மாடிப்படி ஓடி ஏறிய மாதிரி மூச்சு வாங்கும்.
* தோளும் முதுகும்: இறக்கையின் இழுவையைத் தாங்குவது இரண்டு கைகள். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே திசை மாற்ற வேண்டும். தோள் மூட்டைப் பிடித்திருக்கும் சின்னத் தசைகள் முதலில் களைத்துப்போகும்.
* நடு உடம்பு: மேலே காற்று ஒரு பக்கம் இழுக்கும், கீழே ஃபாயில் வேறு பக்கம் தள்ளும். இரண்டுக்கும் நடுவில் முறுக்கிக்கொள்ளாமல் நிற்பது வயிறு, இடுப்புத் தசைகளின் வேலை.
* கணுக்கால்: சிறு சிறு திருத்தங்கள் எல்லாம் இங்கேதான் நடக்கின்றன. கணுக்கால் மடங்காதவர் முட்டியையும் இடுப்பையும் வளைத்துச் சமாளிப்பார்; சீக்கிரம் களைத்துவிடுவார்.

இதோடு விழுவதும் உண்டு. ஃபாயிலின் ஓரங்கள் கூர்மையானவை. கால் வெட்டுக்காயம், முட்டி, கணுக்கால் சுளுக்கு, விலா எலும்பில் அடி, தலையில் அடி ஆகியவை இந்த விளையாட்டில் நடக்கக்கூடியவை. தலைக்கவசமும் மோதல் தாங்கும் மேற்சட்டையும் அலங்காரத்துக்கு அல்ல.

இரண்டு மாதம் சும்மா இருந்தால் என்ன ஆகும்?

நன்றாகப் பயிற்சி எடுத்த விளையாட்டு வீரர் ஒருவர் முழுசாக நிறுத்திவிட்டால், ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அதிகபட்சத் திறன் 4 வாரங்களுக்குள் சுமார் 4 முதல் 14 சதவீதம் வரை குறையக்கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மூச்சுத் திறன்தான் முதலில் போகும். தசை வலிமை கொஞ்சம் விசுவாசமானது. அதே 4 வாரத்தில் பெரிதாகக் குறையாது.

ஆறுதலான சேதியும் இருக்கிறது. இருப்பதைத் தக்கவைக்க, சேர்க்க எடுத்த அளவு உழைப்பு தேவையில்லை. வாரத்துக்கு 2 முறை, கடுமை குறையாமல் செய்தால் மூச்சுத் திறனைச் சுமார் 15 வாரம் வரை காப்பாற்றலாம். வலிமைக்கு வாரம் ஒரு முறைகூடப் போதும். நேரத்தைக் குறைக்கலாம், கடுமையைக் குறைக்கக் கூடாது என்பதுதான் இதன் சாரம். தினமும் ஒரு மணி நேரம் மெதுவாக நடப்பது உடம்புக்கு நல்லதுதான். ஆனால் சீசன் உடம்பைக் காப்பாற்றாது.

தசைநாண்கள் விஷயம் வேறு. அவை தசையை விட மெதுவாகவே பலப்படும், மாதக்கணக்கில் ஆகும். காற்று வந்த முதல் வாரத்தில் ஆசை தீர ஆடுகிறவர்கள் இரண்டாவது வாரம் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, தரையில் எதையெல்லாம் பழகலாம்?

1. பஸ்கியும் தண்டாலும்: புதுசாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். பஸ்கி, ஒரு காலை முன்வைத்துச் செய்யும் பஸ்கி, ஒற்றைக் காலில் படி ஏறி இறங்குவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது ஆகிய நான்கும் கால்களுக்குப் போதும். விங் ஃபாயிலிங்கில் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே இருக்கும். எனவே இரண்டு கால் பஸ்கியை விட, கால்களைப் பிரித்துச் செய்யும் பஸ்கிக்கு இங்கே மதிப்பு அதிகம். இரண்டு பக்கமும் சமமாகச் செய்ய வேண்டும்.

2. இழுக்கும் பயிற்சி: ஜிம்முக்குப் போகிறவர்கள் தண்டால் அதிகம் செய்வார்கள், இழுப்பதைக் குறைவாகச் செய்வார்கள். இந்த விளையாட்டுக்கு நேர்மாறாக வேண்டும். கம்பியில் தொங்குவது, உடம்பை மேலே இழுப்பது, கயிறு இழுப்பது இதெல்லாம் பிடியையும் முதுகையும் சேர்த்துப் பலப்படுத்தும். கரைவலை இழுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? கயிற்றைக் கையால் மட்டும் இழுக்க மாட்டார்கள். உடம்பைப் பின்னால் சாய்த்து, காலை மணலில் ஊன்றி, எடையால் இழுப்பார்கள். இறக்கையைத் தாங்குவதும் அதே சூத்திரம்தான்.

3. தோளுக்கு கர்லா கட்டை: நம் ஊர்த் தேகப்பயிற்சிக் கூடங்களில் தலைமுறை தலைமுறையாகச் சுழற்றிவரும் கர்லா கட்டை, தோள் மூட்டை எல்லாத் திசையிலும் இயக்கும் கருவி. எடை குறைந்த கட்டையில், தெரிந்தவரிடம் முறையாகக் கற்றுத் தொடங்க வேண்டும். ஏற்கெனவே தோள் வலி இருப்பவர்கள் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ பார்த்த பிறகே தொட வேண்டும்.

4. முறுக்காமல் நிற்பது: பிளாங்க், பக்கவாட்டு பிளாங்க், ஒரு கையில் மட்டும் வாளியைத் தூக்கிக்கொண்டு நேராக நடப்பது. கடைசியில் சொன்னது வீட்டிலேயே ஆகிற காரியம். தண்ணீர் நிரம்பிய வாளி ஒரு பக்கம் இழுக்கும், சாயாமல் நடக்க வேண்டும்.

5. மண்டியிலிருந்து எழுவது: புதியவர்கள் பலகையில் முதலில் மண்டிபோட்டுத்தான் தொடங்குவார்கள். அங்கிருந்து எழும்போதுதான் பெரும்பாலானோர் விழுகிறார்கள். பாயில் பலகையின் அளவுக்குக் கோடு போட்டுக்கொண்டு, கையில் ஒரு கம்பைத் தலைக்கு மேலே பிடித்தபடி, கையை ஊன்றாமல் எழுந்து பழகலாம். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பலன் உண்டு.

6. மணலில் இறக்கைப் பயிற்சி: தரைப் பயிற்சியில் அதிகப் பலன் தருவது இதுதான். காற்று ஓய்ந்த மாதங்களிலும் நம் கடற்கரையில் பிற்பகலில் கடற்காற்று வரும். பலகையைத் தூக்க அது போதாது. ஆனால் மணலில் நின்று இறக்கையைக் கையாளப் போதும். எந்தக் கோணத்தில் இழுக்கிறது, எங்கே கொண்டுபோனால் சாந்தமாகிறது, கையை மாற்றிப் பிடிப்பது எப்படி, திரும்பும்போது தலைக்கு மேலே எப்படிக் கொண்டுபோவது, இதெல்லாம் கைக்குப் பழகிவிட்டால் தண்ணீரில் கவனம் முழுவதையும் காலுக்குக் கொடுக்கலாம். கூட்டமில்லாத இடம், வார் கட்டாயம், மின்கம்பி பக்கத்தில் கூடவே கூடாது.

7. நீச்சல்: இதைத் தரைப் பயிற்சியில் சேர்க்கலாமா என்று கேட்டால், சேர்த்தே ஆக வேண்டும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் அலையில் சிக்கி உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டோம். கருவி இருக்கிறது என்ற தைரியத்தில் நீச்சல் தெரியாமல் கடலுக்குள் போவது விளையாட்டு அல்ல. காற்று இல்லாத மாதங்களைக் குளத்திலோ நீச்சல் குளத்திலோ, பயிற்சியாளர் மேற்பார்வையில் செலவிடலாம்.

பேலன்ஸ் போர்டு வாங்கினால் போதுமா?

உருளை மீது பலகையை வைத்து ஆடும் பேலன்ஸ் போர்டு வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். சுருக்கமான பதில்: போதாது.

சமநிலை என்பது ஒரே ஒரு திறமை கிடையாது. எதில் பழகுகிறோமோ அதில்தான் தேறுகிறோம். உருளை மீது நிற்பதில் கெட்டிக்காரர் ஆனவர், கயிற்றின் மீது நிற்பதிலும் தானாகக் கெட்டிக்காரர் ஆவதில்லை. பேலன்ஸ் போர்டு இடவலமாக ஆடும். ஃபாயிலில் அதிகம் ஆளைக் கவிழ்ப்பது முன்பின் ஆட்டம். அதுவும் வேகத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். தரையில் எந்தப் பலகையும் அதை அப்படியே காட்டாது.

அப்போ தூக்கிப் போட்டுடலாமா? அதுவும் வேண்டாம். சமநிலை, குதித்து இறங்குதல், வலிமை மூன்றையும் கலந்த பயிற்சி காயங்களைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. கால்பந்து வீரர்களுக்காக ஃபிஃபா உருவாக்கிய '11 பிளஸ்' என்ற வார்ம்-அப் முறை, காயங்களைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக ஆய்வுகள் காட்டின. ஆக, பேலன்ஸ் போர்டு உங்களை நல்ல ஃபாயிலர் ஆக்காது. கணுக்கால் சுளுக்கிலிருந்து காப்பாற்ற உதவலாம். காசு இல்லையென்றால் ஒற்றைக் காலில் நின்று பந்தைப் பிடித்துப் போடுங்கள். அதுவும் அதே வகைதான்.

சர்ஃப்ஸ்கேட்டுக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பு உண்டு. உடம்பைத் திருப்பி வளைவெடுப்பது அதில் பழகும். ஆனால் விழுந்தால் தண்ணீர் இல்லை, சிமென்ட். தலைக்கவசமும் முட்டிக்கவசமும் இல்லாமல், வண்டி ஓடும் சாலையில் வேண்டவே வேண்டாம்.

8 வாரத்துக்கு ஒரு மாதிரித் திட்டம்

இது ஆரோக்கியமான பெரியவர்களுக்கான பொதுவான சட்டகம். இதய நோய், மூட்டு வலி, பழைய காயம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

* 1, 2-ம் வாரம்: வாரத்துக்கு 2 நாள் வலிமைப் பயிற்சி, லேசாக. ஒரு நாள் நீச்சல். சீசனில் பட்ட காயங்கள் ஆற விடுங்கள்.
* 3 முதல் 5-ம் வாரம்: வலிமைப் பயிற்சியில் எடையைக் கூட்டுங்கள். ஒரே தசைக்கு 48 மணி நேர இடைவெளி கொடுங்கள். 30 விநாடி வேகமாகப் படி ஏறி, ஒன்றரை நிமிடம் நடக்கும் இடைவெளிப் பயிற்சி வாரம் 2 முறை.
* 6, 7-ம் வாரம்: இடைவெளிப் பயிற்சியை ஒரு நிமிடமாக நீட்டுங்கள், பம்பிங்குக்கு இதுதான் ஒத்திகை. பிற்பகல் கடற்காற்றில் வாரம் 2 முறை மணலில் இறக்கைப் பயிற்சி.
* 8-ம் வாரம்: அளவைப் பாதியாகக் குறையுங்கள். கருவிகளைப் பிரித்து, திருகாணிகளின் உப்பைக் கழுவி, வாரில் கிழிசல் இருக்கிறதா என்று பாருங்கள். காற்று வரும்போது உடம்பு களைப்பில் இருக்கக் கூடாது.

ஏப்ரல் வெயிலில் பயிற்சி காலை 8 மணிக்குள் முடிந்துவிடுவது நல்லது. தண்ணீரோடு உப்புச்சத்தும் சேர வேண்டும். மோர், நீராகாரம், உப்புச்சர்க்கரைக் கரைசல் எதுவானாலும் சரி. தலைசுற்றல், குமட்டல் வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும்.

தரையில் கற்றுக்கொள்ளவே முடியாதது எது?

மூன்று விஷயங்கள். ஒன்று, ஃபாயில் எழும் அந்த நொடியின் உணர்வு. இரண்டு, காற்றின் ஏற்ற இறக்கத்தைத் தண்ணீரின் நிறத்தில் படிப்பது. மூன்று, குறிப்பிட்ட கடலின் குணம்.

மூன்றாவது நமக்கு ரொம்பவே முக்கியம். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். கைட்சர்ஃபிங் பழக அது வரம். ஆனால் ஃபாயிலின் தண்டே 75 சென்டிமீட்டருக்கு மேல் என்பதால் இடுப்பளவுத் தண்ணீர் போதாது, மார்பளவாவது வேண்டும். தரை தட்டினால் ஆள் முன்னே பறப்பார், கருவி உடையும்.

தட்டுவது வெறும் மணலாக இல்லாமலும் போகலாம். பாக் விரிகுடாவின் கடற்புல் படுகைகள் கடற்பசுக்களின் மேய்ச்சல் நிலம். அதைப் பாதுகாக்கத்தான் 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசு பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. மீனவர்களின் வலைகளும் அதே கடலில்தான் கிடக்கின்றன. எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று உள்ளூர் மீனவர்களிடம் கேட்டு வரைபடம் போட்டுவைக்க, காற்று இல்லாத மாதங்களை விட நல்ல நேரம் இல்லை.

இதெல்லாம் யாருக்கு முக்கியம்?

'பணக்காரர்களின் பொழுதுபோக்குக்கு எதுக்கு இவ்வளவு பெரிய அலசல்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பலகை, ஃபாயில், இறக்கை எல்லாம் சேர்த்துப் புதிதாக வாங்கினால் சில லட்சம் ரூபாய் ஆகும். காசு இருப்பவருக்கு ஆஃப் சீசன் என்ற ஒன்றே இல்லை. இங்கே காற்று நின்றால் மொராக்கோவுக்கோ ஸ்பெயினுக்கோ விமானம் ஏறிவிடலாம்.

சர்வதேசப் போட்டி அளவில் அந்தப் பயணம் தேவையும்கூட. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான சென்னையின் நேத்ரா குமணன், ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவில் பயிற்சி எடுத்தவர். அவரும் வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணனும் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் பங்கேற்றார்கள். பாரிஸில் ஃபார்முலா கைட் பிரிவில் சிங்கப்பூரின் மேக்ஸ் மேடர் 17 வயதில் வெண்கலம் வென்றார். ஆசியாவின் ஒரு சிறிய நாட்டிலிருந்தும் இது முடியும் என்பதற்கு அது சாட்சி. பல நாட்டுக் கடல்களில் ஆடும் வாய்ப்பு இதில் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பதற்கும் அதுவே சாட்சி.

அந்த வாய்ப்பு இல்லாத கடலோரப் பிள்ளைகளுக்குத் தரைப் பயிற்சி ஒன்றுதான் கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைக்கும் கருவி. அவர்களிடம் நீச்சலும் கடல் அறிவும் ஏற்கெனவே இருக்கின்றன. இல்லாதது முறையான உடற்பயிற்சி வழிகாட்டலும், காயம் பட்டால் பார்க்க ஒரு இயன்முறை மருத்துவரும்.

பிழைப்பும் இதில் இருக்கிறது. சீசனில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கற்றுக்கொடுத்துச் சம்பாதிக்கும் இளைஞர்களுக்குக் காற்று நின்றால் வருமானமும் நிற்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காற்று ஓயும் காலமும் இந்தத் தடைக்காலமும் ஏப்ரலில் ஒன்றோடொன்று முட்டுகின்றன. சொந்த உடம்பையே முதலாக வைத்துத் தொழில் செய்கிறவர், அந்த மாதத்தில் உடம்பைக் கவனிக்காமல் விட்டு, மே மாதக் காற்றில் தோளைக் கிழித்துக்கொண்டால் அந்த சீசன் முழுவதும் போச்சு. வீரருக்கு அது காயம், இவருக்கு வேலையிழப்பு.

ராமநாதபுரம் மாவட்டம் பிரப்பன்வலசையில் நீர் விளையாட்டு அகாடமி அமைக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. இப்படிப்பட்ட மையங்களைப் பற்றிப் பேசும்போது படகு எத்தனை, பலகை எத்தனை என்றுதான் கணக்குப் போடுகிறோம். வருடத்தில் காற்று இல்லாத மாதங்களில் அங்கே என்ன நடக்கும் என்ற கேள்வியும் சேர வேண்டும். ஒரு தேகப்பயிற்சிக் கூடம், ஒரு நீச்சல் குளம், ஒரு இயன்முறை மருத்துவர், முதலுதவியும் உயிர்காப்பும் கற்றுத்தரும் வகுப்பு. இந்த நான்கும் இருந்தால் மையம் 12 மாதமும் இயங்கும். இல்லையென்றால் காற்றோடு சேர்ந்து அதுவும் ஓய்வெடுக்கும்.

கடலுக்குத் திரும்பும் முன் கவனிக்க வேண்டியவை

* முதல் நாளே முழு நேரம் ஆடாதீர்கள். முதல் வாரம் 30 முதல் 45 நிமிடம் போதும்.
* வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் உயர் அலை, கள்ளக்கடல் எச்சரிக்கையையும் பார்க்காமல் இறங்காதீர்கள்.
* கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் புதியவர்கள் போகக் கூடாது. திரும்பி வர முடியாது.
* தனியாகப் போகாதீர்கள். கரையில் ஒருவர் இருக்க வேண்டும்; எப்போது திரும்புவீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
* இடி கேட்டால் உடனே கரை. 'இன்னும் ஒரு ரவுண்டு' என்பதெல்லாம் அப்போது கிடையாது.